விடிவதற்குள் தீர்ந்துபோகும் பேட்டரி

ஹீட்டரின் விசிறி நின்ற சத்தத்தில்தான் அன்றைக்கும் விழித்தேன். நின்றால் ஏதம்மா சத்தம் என்று என் மகன் ராட்னி கேட்பான். தனியாகப் படுப்பவர்களுக்கு அது தெரியும். முதலில் இழுத்து இழுத்து மூச்சு விடும், பிறகு ஒரு முனகல், அப்புறம் நான் குடியிருக்கும் இந்தச் சக்கர வீடு, டிரெய்லர் முழுக்க ஒன்றுமே இல்லை. சிலிண்டர் நிறைய காஸ் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? அந்த அற்ப விசிறியைச் சுற்றுவதற்குப் பேட்டரியில் உயிர் இருந்தால்தானே ஹீட்டர் எரியும். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பல்புக்குள் ஒரு கம்பி மட்டும் சிவந்துவிட்டு அணைந்தது.

ஆர்லனின் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். அடுப்புக்குக் கரண்ட் வேண்டாம், அந்த மட்டும் புண்ணியம். வாய்விட்டுத் திட்டினேன். டிரெய்லரைத் திட்டினேன், பேட்டரியைத் திட்டினேன், போன கோடையில் நெப்ராஸ்காவில் ராட்னி வீட்டுப் புல் வெட்டும் வண்டிமேல் உட்கார்ந்தபடியே செத்துப்போன என் புருஷன் ஆர்லனையும் சேர்த்துத் திட்டினேன். நாற்பது வருஷம் ஒரு வயரைத் தொடவிடாமல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டு, திடீரென்று போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு வரும் அரிசோனாவுக்கு இந்தத் தடவை நானே தனியாக டிரெய்லரைப் பிக்கப் வண்டியில் கொக்கி போட்டு இழுத்து வந்துவிட்டேன். போகாதே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வந்து பழைய இடத்திலேயே, கொஞ்சம் கோணலாக, நிறுத்தினேன். வந்த வாரத்திலிருந்தே இதே கதை. பகலில் கூரைமேல் இருக்கும் சோலார் தகடு சார்ஜ் ஏற்ற எல்லாம் எரியும், விடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

ராட்னி லாரி ஓட்டுகிறான். குளிருது என்று போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டான்.

"சனிக்கிழம அந்தப் பக்கமாத்தான் லோடு எடுத்துட்டு வர்றேன். ஒரு ராத்திரி உங்கூடத் தங்குவேன். ராத்திரி பூரா ஹீட்டர் ஓடுச்சுன்னா நீ இரு, நான் வாயத் தொறக்க மாட்டேன். நின்னுச்சு, டிரெய்லர அங்கயே யாருக்காச்சும் குடுத்துட்டு உன்னய லாரியில ஏத்திக்கிட்டுப் போயிருவேன். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன்டா. பெரிய நீதிபதி."

வீட்டை விற்றுத்தான் நாங்கள் இந்த டிரெய்லரில் ஏறினோம். இதை விட்டால் எனக்கு இருப்பது ராட்னி வீட்டின் அடித்தள அறை. ஒரு பக்கம் துணி துவைக்கும் மெஷின், இன்னொரு பக்கம் மருமகளின் பூனைகள். மருமகள் நல்லவள்தான். ஆனால் என் கதவை நானே திறந்து வெளியே வந்து காப்பி குடிக்கிற வாழ்க்கை அத்தோடு முடிந்தது. சனிக்கிழமைக்குள் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

இந்தப் பாலைவனத்தில் யாராவது ஒரு மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் போதும், சுற்றி டிரெய்லர் போட்டிருக்கும் ஆண்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். டிரெய்லரின் மூக்கில், கொக்கிக்குப் பின்னால் இருக்கும் பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். காப்பி ஆறுவதற்குள் ஹாலிஸும் கிளைடும் வந்து உட்கார்ந்தார்கள். ஹாலிஸ் ஒஹையோவில் கார் மெக்கானிக்காக இருந்தவர். கிளைட் டெலிபோன் கம்பம் ஏறியவர். இருவருக்கும் மனைவிகள் உண்டு, அதனால்தான் எந்நேரமும் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"பேட்டரிக்கு வயசாயிருச்சு டோரீன். பாத்தாலே தெரியுது," என்றார் ஹாலிஸ்.

"பாத்தா ஒனக்கும்தான் தெரியுது. ஒன்ன மாத்திட்டாங்களா?" என்றார் கிளைட். "இது கசிவு. எங்கயோ கரண்ட் கசியுது."

"யோவ், கம்பத்துல தொங்குன ஆளுக்குப் பேட்டரியப் பத்தி என்னய்யா தெரியும்?"

"ஒனக்குத் தெரிஞ்ச லட்சணத்துக்குத்தான் ஓம் மகன் அவன் கார வேற கடைக்கு ஓட்டிட்டுப் போறான்."

எனக்கு அவர்கள் சண்டை பிடித்திருந்தது. ஆர்லன் போனபின் என் வாசலில் யாரும் சண்டை போட்டதில்லை. ஆனாலும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "பேச்சு போதும், வேலையப் பாருங்க," என்றேன்.

ஹாலிஸ் ஊருக்குள் போய்ப் புதுப் பேட்டரி வாங்கி வந்தார். குனிந்து, மாட்டினார். பளீரென்று ஒரு பொறி பறந்தது. உள்ளே ஏதோ சொடுக்கியது. பிறகு ஹீட்டர் இல்லை, விளக்கு இல்லை, பகலில்கூட ஒன்றும் இல்லை.

கிளைட் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். "கறுப்ப மைனஸ்ல மாட்டிட்டான்! கறுப்ப மைனஸ்ல மாட்டிட்டான்யா!"

காரில் கறுப்பு வயர் என்றால் மைனஸ். இந்த டிரெய்லர்களில் அப்படி இல்லை, வெள்ளைதான் மைனஸ், கறுப்பு பிளஸ். கட்டிய புண்ணியவான்கள் வீட்டு வயரிங் பழக்கத்தை இதற்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே குளிர்காலம் கழிக்க வரும் ஒவ்வொரு கார் மெக்கானிக்கும் ஒரு தடவையாவது இதில் மாட்டிக்கொள்வார், ஹாலிஸின் முறை என் பேட்டரியில் வந்தது. சார்ஜர் பெட்டியில் இப்படிப்பட்ட அறிவாளிகளுக்காகவே வைத்திருக்கும் இரண்டு காவல் ஃபியூஸும் கருகியிருந்தன. ஹாலிஸ் இரண்டையும் மாற்றினார், வயர்களை மாற்றிப் போட்டார். எல்லாம் எரிந்தது, புதுப் பேட்டரியாயிற்றே. நான் அன்று பீன்ஸும் இறைச்சியும் போட்டுக் காரமாக ஒரு பானை சமைத்தேன், மூவருமாகச் சாப்பிட்டோம்.

விடியும்போது விசிறி நின்றது.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பழைய பேட்டரி என்றால் சாகட்டும். புதுசையும் ஒரே ராத்திரியில் எது குடிக்கிறது?

"நாந்தான் சொன்னேன்ல, கசிவு," என்று கிளைட் மறுநாள், வெயிலில் பேட்டரி ஏறியபின், தன் சோதனை பல்பைக் கொண்டுவந்தார். பேட்டரியின் மைனஸிலிருந்து வெள்ளை வயரைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் அந்தப் பல்பை மாட்டினார். எங்கேயாவது கரண்ட் போனால் பல்பு எரியும். போகாவிட்டால் எரியாது. கூரை மேலிருந்து வரும் சோலார் வயரையும் பிரித்துவிட்டு, உள்ளே எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு வந்து பார்த்தோம். எரியவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினோம். எரியவில்லை. கிளைடின் முகம் விழுந்துவிட்டது.

"சுத்தமா இருக்கு. எங்கயும் கசியல."

ஹாலிஸ் தொண்டையைச் செருமினார். "கோவிச்சுக்காத டோரீன். ராத்திரில நீ விளக்கப் போட்டுட்டே தூங்கிடறியோ? தனியா இருக்கறப்ப இருட்டு ஒரு மாதிரிதான். எங்கம்மாகூடக் கடைசில..."

"எந்திரிங்க ரெண்டு பேரும்," என்றேன். "நாற்காலியத் தூக்குங்க. ஓங்கம்மாவாம், கடைசிலயாம்!"

போனார்கள். போகும்போது கிளைட் பல்பைக் கேட்கக்கூடப் பயந்து அப்படியே விட்டுவிட்டுப் போனார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கோபம் ஹாலிஸ்மேல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் தூங்கிவிடுகிறேனோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது, அதுதான். வயதானவளின் மறதி என்று ஆகிவிட்டால் அதற்கு எந்த ஃபியூஸைப் பிடுங்குவது? ராட்னிக்கும் அடித்தள அறைக்கும் அது போதுமே.

அன்று வெள்ளிக்கிழமை. பொழுது சாயும்போது சூப்புக் கிண்ணத்தோடு வெளியே வந்து, வாளியைக் கவிழ்த்துப்போட்டுப் பேட்டரி பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறெங்கே போய் உட்கார? ராத்திரியில் எல்லோரும் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காரும் நெருப்பு வட்டத்திலிருந்து சிரிப்புச் சத்தம் தூரத்தில் கேட்டது. பகலில் துரத்திவிட்ட ஆட்களிடம் போய் இடம் கேட்க மனம் வரவில்லை. மலைகள் கறுத்தன. கிண்ணம் ஆறியது.

பல்பு எரிந்தது.

நான் எதையும் தொடவில்லை. உள்ளே எல்லா ஸ்விட்சும் அணைத்தே இருந்தது. தானாக மினுக்கென்று எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. எழுந்து நின்று சிரித்தேன், வெட்கமில்லாமல் உரக்கச் சிரித்தேன். என் மூளை கெட்டுப்போகவில்லை! பகலில் கசியாத கரண்ட் இருட்டினால் கசிகிறது, அவ்வளவுதான். பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்டியிட்டேன். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்குப் போகாமல், தனியாக ஒரு கறுப்பு வயர் பெட்டியின் அடியில் இறங்கியது. ஆர்லனின் கைவேலை என்று பார்த்ததும் தெரிந்தது, ஒரு சாணுக்கு ஒரு தடவை டேப் சுற்றாமல் அவனுக்குத் தூக்கம் வராது. டிரெய்லரின் அடிச்சட்டத்தோடு தடவிக்கொண்டே பின்பக்கம் வரை தவழ்ந்தேன். பம்பருக்கு அடியில் ஒரு பிளக். பிளக்கிலிருந்து போன வயர் ஒரு தோட்டத்து ரப்பர் குழாய்க்குள் நுழைந்தது. குழாய் சரளைக்குள் இறங்கி மறைந்தது. காலால் சரளையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். குழாய் நேராகப் பக்கத்து டிரெய்லருக்குப் போனது.

வெண்டல்!

வெண்டல் எங்களுக்கும் முன்பிருந்தே அந்த இடத்தில் இருப்பவர். எண்பது வயதைத் தொட்டிருக்கும். யாரோடும் பேசமாட்டார். இங்கே ஒரு பழக்கம் உண்டு: நாற்காலி விரிந்திருந்தால் வா, மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தால் வராதே. வெண்டலின் நாற்காலி விரிந்து நான் பார்த்ததில்லை. பல வருஷத்துக்கு முன் இரவெல்லாம் ஜெனரேட்டரை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு மேல் ஜெனரேட்டர் ஓடக்கூடாது என்பது இங்கே வேதவாக்கு. கொலைகாரனைக்கூட நெருப்பு வட்டத்தில் சேர்த்துக்கொள்வோம், பத்துக்கு மேல் ஜெனரேட்டர் ஓட்டுபவனைச் சேர்க்கமாட்டோம். ஒரு ராத்திரி ஆர்லன் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய் ஒரு சத்தம் போட்டான். அன்றோடு ஜெனரேட்டர் அடங்கியது. என் வீட்டுக்காரன் அடக்கினான் என்று நான் வருஷக்கணக்காகப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கிழவன் என் கரண்டைத் திருடுகிறான்! அந்த வயர் ஆர்லன் போட்டதாயிற்றே என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. ஏதோ பழைய வயரைக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான் என்றே நினைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். முன்னால் ஓடி வந்து பார்த்தேன், பல்பு அணைந்திருந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுத்தேன். விடியும்வரை விசிறி ஓடியது. வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் காலில் சூடு ஏறித் தூங்கினேன்.

காலையில் திட்டுவதற்கென்றே தலை வாரிக்கொண்டு கிளம்பினேன். சாய்த்து வைத்த நாற்காலியை மதிக்காமல் கதவைத் தட்டினேன். வெண்டல் உடனே திறந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. தோளில் போர்வை.

"எத்தன நாளா நடக்குது இது?" என்றேன்.

"உள்ள வாங்க. வெளிய குளிருது," என்றார். குரல் வெளியே வர நேரமாயிற்று. "நேத்து மெஷின் ஓடறதும் நிக்கறதுமா இருந்துச்சு. அப்புறம் ஒரேயடியா நின்னுருச்சு. சரி, கண்டுபிடிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்."

"என்ன மெஷின்?"

கட்டிலைக் காட்டினார். சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், முனையில் மூக்குக்கு மாட்டும் மூடி. "படுத்தா எனக்கு மூச்சு நின்னு போயிருதுங்க. இது ஊதிக்கிட்டே இருக்கணும். இல்லன்னா படுக்கக் கூடாது."

"அப்ப ராத்திரி?"

"உக்காந்திருந்தேன். சீட்டு ஆடுனேன். எனக்கும் எனக்கும்தான் ஆட்டம். ரெண்டு தடவ தோத்துட்டேன்."

மேஜையில் சீட்டுகள் பரப்பியிருந்தன.  அவருக்கு எதிரே உட்கார்ந்தேன், யாரும் சொல்லாமலே.

"அந்த ஜெனரேட்டர் இதுக்காகத்தானா?"

"ஆமாங்க. ஆர்லன் வந்தாரு ஒரு ராத்திரி. கதவத் தட்டி நல்லாவே திட்டுனாரு. நான் இத மூஞ்சில மாட்டிக்கிட்டே வந்து கதவத் தொறந்தேன். பாத்தாரு. பாதித் திட்டுல நிறுத்திட்டாரு. நாளைக்கு வர்றேன்னு போயிட்டாரு. மறுநாள் நீங்க துணி தொவைக்க ஊருக்குள்ள போனப்பறம் மண்வெட்டியோட வந்து நின்னாரு. நீங்க வர்ற வருஷமெல்லாம் அவரே வந்து பிளக்கச் சொருகிடுவாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"நாந்தாங்க சொல்ல வேணாம்னேன். ஊரெல்லாம் பேச்சாயிரும்னு. உங்களுக்குப் பேட்டரி பத்திக் கவல வந்துரும்னு அவரும் சொன்னாரு." கையைப் பிசைந்தார். "இந்தத் தடவ நீங்க வந்து நின்னதும் அவருக்காகக் காத்துட்டிருந்தேன். அப்புறம் தண்ணிக் குழாய்ல சொன்னாங்க, அவரு போயிட்டாருன்னு. உங்ககிட்ட வந்து என்னன்னு பேசறது? உங்க வீட்டுக்காரரு போனதுக்கு வருத்தப்படறேன், எனக்குக் கரண்ட் குடுங்கன்னா? நானே சொருகிட்டேன். தப்புதான்."

எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. "அப்பவும் இதே பேட்டரிதான, இதே மெஷின்தான. அப்ப ஒரு நாள்கூட ஹீட்டர் நின்னதில்லையே?"

வெண்டல் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அவருதான் வெடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்து பிக்கப்ப ஸ்டார்ட் பண்ணி, கேபிளப் போட்டு சார்ஜ் ஏத்துவாரே. தெனமும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆர்லனின் குறட்டைக்குப் பயந்து அத்தனை வருஷமும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தவள் நான். அரைத் தூக்கத்தில் வண்டி உறுமுவது கேட்கும். டீசல் வண்டிக்குச் சூடு வேண்டும் போல என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஒரு குளிர்காலமா, இரண்டா? அத்தனை விடியலிலும் எழுந்து போயிருக்கிறான், நான் எழுவதற்குள் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டுக் காப்பியோடு வந்து நின்றிருக்கிறான். பேட்டரியில் கோளாறு இல்லை, வயரில் இல்லை, சார்ஜர் பெட்டியில் இல்லை. இதைச் செய்துகொண்டிருந்த ஆள் இல்லை, அதுதான் கோளாறு. நான் இரண்டு கிழவர்களை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க ஃபியூஸ் பிடுங்கியிருக்கிறேன்.

எழுந்தேன். வெண்டலும் எழுந்தார்.

"உங்க பையன் இன்னிக்கு வர்றானாமே? எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு ராத்திரி வயரப் போட்டுறாதீங்க. பையன் போகட்டும். இன்னொரு ராத்திரி சீட்டாடிக்கறேன்."

அந்தப் பேச்சு எனக்கு இனித்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஒரே ராத்திரி. என் வீடு எனக்கு மிஞ்சும். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

ராட்னி மத்தியானம் வந்தான். லாரியைப் பெரிய ரோட்டோரம் விட்டுவிட்டு நடந்து வந்தான். அப்பாவைப் போலவே கதவில் தலையை இடித்துக்கொண்டான். இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் வறுத்த கோழியும் செய்தேன். ஹீட்டர் சொகுசாக ஓடியது. "பரவால்லையே," என்றான். கழுவிய தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தேன். வெண்டலின் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. மேஜை முன்னால் உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார், முதுகு வளைந்திருந்தது. எனக்கு வந்தது இரக்கம்கூட இல்லை, எரிச்சல். ஆர்லன்மேல் எரிச்சல். இவ்வளவு பெரிய வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறானே! பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, பம்பருக்கு அடியில் கைவிட்டு, பிளக்கைச் செருகினேன். ஜன்னலைத் தட்டி, "படுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு நான் தூங்கவில்லை. ராட்னி சாப்பாட்டு மேஜையைக் கட்டிலாக்கிப் படுத்திருந்தான். அறை சூடானால் விசிறி அடங்கியது, குளிர்ந்தால் தானே மறுபடி ஓடியது. கிழக்கு வெளுக்கும் முன் அது இழுக்கத் தொடங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பிக்கப்பைத் திருப்பி, எஞ்சின் பக்கம் டிரெய்லரின் மூக்கருகே வரும்படி நிறுத்தி, கேபிளை மாட்டினேன். கறுப்பு வயர்தான் பிளஸ் என்று எனக்கே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். எஞ்சினை ஓடவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் வெண்டலின் ஜன்னல் நேராகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதில் விளக்கு எரிந்தது. வெண்டல் வந்து நின்று கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். இத்தனை வருஷமும் தினம் காலையில் என் புருஷனுக்குக் கிடைத்த முதல் வணக்கம் அது, என்னுடையது இல்லை.

ராட்னி காலுறையோடு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான். பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினான். "என்னம்மா பண்ற நீ?"

எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். ராட்னி அப்படிக் கேட்பவன் அல்ல.

"இத தெனமும் பண்ணப் போறியா?"

"உங்கப்பா பண்ணான்ல."

"அவருக்கு நீ இருந்த."

"எங்கடா இருந்தேன்? தூங்கிட்டிருந்தேன்."

 அவன் என் பக்கம் திரும்பினான். "அழறியாம்மா?"

"ஆமா. பேசாம உக்காரு."

உட்கார்ந்திருந்தான். வெயில் வந்தபின் இறங்கிப் போய் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். "ராத்திரி நிக்கல," என்றான். "சொன்னது சொன்னதுதான்." மத்தியானம் லாரி ஏறிப் போனான். போகும்போது ஹாலிஸையும் கிளைடையும் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். என்ன என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் மறுபடி கேபிளை மாட்டிவிட்டு பிக்கப்பில் ஏறினேன். குளிரில் பக்கத்து சீட்டின் ரெக்சின் விறைத்திருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெண்டல் விளக்கைப் போட்டார், கையைத் தூக்கினார், போய்விட்டார். எங்கள் பேச்சு அவ்வளவுதான், ஆர்லனுக்கும் அவ்வளவுதான் இருந்திருக்கும். பிறகு பேட்டரி ஏறும்வரை அவன் இங்கே சும்மா உட்கார்ந்திருப்பான், இருட்டில், தனியாக, எத்தனையோ குளிர்காலம். உள்ளே வந்து என் காலைப் பிடித்து ஆட்டியிருக்கலாம். எதற்கு எழுப்பினாய் என்று திட்டிக்கொண்டே வந்திருப்பேன், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்திருப்பேன். ஆனால் வந்திருப்பேன், ஆர்லன்.